முதலிடம் பெற்ற நிறுவனம் முதலீட்டுக்கு உகந்ததா?

துபையிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் சகோதரியின் மகன், ஒருநாள் மாலை பீமநகரிலுள்ள என் இல்லத்துக்கு ஒரு காகிதக் கட்டுடன் வந்தான். பதினான்கு ஆண்டுகள் பாலை மண்ணில் உழைத்துச் சேர்த்த தொகை அவன் கையில் இருந்தது. மகளின் மேற்படிப்பும், பாதியில் நிற்கும் வீடும் அந்தத் தொகையை நம்பியே இருந்தன.

“மாமா, இதில் நூறு கம்பெனிகள் இருக்கின்றன. ஐந்து ஆண்டுகளில் பங்குதாரர்களுக்கு மிக அதிகமாகச் செல்வம் சேர்த்துக் கொடுத்தவை எவை என்று கணக்கெடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முதல் பத்துக் கம்பெனிகளில் பணத்தைப் பிரித்துப் போட்டுவிடலாமா?” என்று கேட்டான்.

பெரிய கடை வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதியே காலத்தைக் கழித்தவன் நான். பற்று வரவு தெரியும். பங்குச் சந்தை தெரியாது. ஆகவே, எங்கள் கடைக் கணக்கை நெடுங்காலம் தணிக்கை செய்த அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். காவிரிப் பாலத்தைக் கடந்து, உத்தர வீதியிலுள்ள அவருடைய வீட்டுத் திண்ணையில் அன்று மாலை நடந்த உரையாடலே இக்கட்டுரைக்கு அடிப்படை. வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்களுக்கு இது பயன்படும் என்று கருதுகிறேன்.

நண்பர் பட்டியலை மூன்று நிமிடம் பார்த்தார். பின்பு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “பாய், இது நேற்று வரையில் பெய்த மழையின் அளவு. நாளைக்குக் காவிரியில் தண்ணீர் வருமா என்பதை இது சொல்லாது. ஆனால் எந்த மலையில் வழக்கமாக மழை பெய்கிறது என்பதைச் சொல்லும். அந்த மட்டும் இதற்கு மதிப்பு உண்டு.”

பட்டியல் எதை அளக்கிறது?

ஒரு நிறுவனம் பெரியதா, சிறியதா என்பதை அதன் விற்பனையைக் கொண்டு அளப்பது பழைய வழக்கம். இலாபத்தைக் கொண்டு அளப்பது அதற்கு அடுத்த படி. பங்குதாரரின் கேள்வியோ வேறு: “என் பணத்தை வாங்கிய நிர்வாகம், அந்தப் பணத்தின் மதிப்பைக் கூட்டியதா, குறைத்ததா?”

இந்தக் கேள்விக்கு விடை காண அமெரிக்காவின் ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் என்னும் ஆலோசனை நிறுவனம் இரண்டு அளவுகோல்களைப் பரப்பியது. ஒன்று ‘சந்தைக் கூடுதல் மதிப்பு’. நிறுவனத்தில் போடப்பட்ட மொத்த மூலதனம் ஆயிரம் கோடி. சந்தை அதை மூவாயிரம் கோடியாக மதிக்கிறது என்றால், கூடுதல் மதிப்பு இரண்டாயிரம் கோடி. மற்றொன்று ‘பொருளாதாரக் கூடுதல் மதிப்பு’. ஓர் ஆண்டின் இலாபத்திலிருந்து, அந்த மூலதனம் ஈட்டியிருக்க வேண்டிய நியாயமான வருவாயைக் கழித்தால் மிஞ்சுவது இது.

1993-ஆம் ஆண்டில் ஃபார்ச்சூன் இதழ் இந்த முறையை விளக்கிப் பெரிய கட்டுரை வெளியிட்ட பின் இது உலகெங்கும் பேசப்பட்டது. 1990-களின் நடுப்பகுதியில் வெளிவந்த அமெரிக்கப் பட்டியல்களில் கோக்கோ கோலா உச்சியில் இருந்தது. விற்பனையில் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றாக இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் அடியில் கிடந்தது. அதே ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூன் மாதத்தில் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. பெரிய விற்பனை பெரிய செல்வமாகிவிடாது என்பதை அந்தப் பட்டியல் முன்கூட்டியே உணர்த்திற்று எனலாம்.

நம் நாட்டில் இன்ஃபோசிஸ், ஹிந்துஸ்தான் லீவர் ஆகிய நிறுவனங்கள் இந்தக் கணக்கைத் தம் ஆண்டறிக்கைகளிலேயே வெளியிட்டன. மும்பையின் மோதிலால் ஓஸ்வால் நிறுவனம் 1996 முதல் ஆண்டுதோறும் ‘செல்வம் படைத்தோர்’ ஆய்வை வெளியிட்டு வருகிறது. அதில் மூன்று வரிசைகள் உண்டு: மிக அதிகமாகச் செல்வம் சேர்த்தவை, மிக விரைவாகச் சேர்த்தவை, மிகச் சீராகச் சேர்த்தவை. மருமகன் முதல் வரிசையையே பிடித்துக்கொண்டிருந்தான். நண்பரோ, “புதிதாக வருபவர் மூன்றாவது வரிசையிலிருந்து தொடங்குவது நல்லது” என்றார்.

பெரிய கடை வீதியில் ஒரு கணக்கு

மருமகன் முகத்தில் குழப்பம் தெரிந்தது. எனக்குத் தெரிந்த மொழியில் நண்பர் அதை விளக்கினார்.

பெரிய கடை வீதியில் இரண்டு கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கடையில் 50 இலட்சம் ரூபாய் முடங்கியிருக்கிறது. ஆண்டு இலாபம் 4 இலட்சம். இரண்டாவது கடையில் 10 இலட்சம் ரூபாய்தான். இலாபம் 2 இலட்சம். ஊரார் முதல் கடைக்காரரையே பெரிய முதலாளி என்பர்.

இதே அளவு அபாயமுள்ள வேறொரு வியாபாரத்தில் கூட்டாகப் போட்டிருந்தால் அந்தப் பணம் நூற்றுக்குப் பன்னிரண்டு ஈட்டியிருக்கும் என்று கொள்வோம். அவ்வாறாயின் முதல் கடை 6 இலட்சம் ஈட்டியிருக்க வேண்டும். ஈட்டியதோ 4 இலட்சம். இலாபம் என்று ஏட்டில் எழுதினாலும், உண்மையில் ஆண்டுக்கு 2 இலட்சம் குறைவு. இரண்டாவது கடை ஈட்ட வேண்டியது 1 இலட்சத்து 20 ஆயிரம். ஈட்டியது 2 இலட்சம். ஆக, 80 ஆயிரம் உபரி.

முதல் கடைக்காரர் அதே முறையில் தில்லை நகரில் ஒரு கிளை திறந்தால் என்ன ஆகும்? விற்பனை பெருகும், பெயர்ப்பலகை பெரிதாகும், செல்வம் மேலும் கரையும். இரண்டாவது கடைக்காரர் அதே விகிதத்தில் ஈட்ட முடிந்தால், கிளை திறக்கத் திறக்கச் செல்வம் வளரும். தரமான நிறுவனம் என்பதன் இலக்கணம் இதுவே: போட்ட மூலதனத்துக்கு நியாயமாக வரவேண்டியதைவிடக் கூடுதலாக ஈட்டுவது, அதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்வது.

“நாற்பது ஆண்டுகள் பேரேடு எழுதியிருக்கிறேன். இலாபம் என்று எழுதிய ஆண்டுகளில் எத்தனை உண்மையில் இலாபமோ, தெரியவில்லையே!” என்றேன். நண்பர் சிரித்தார்.

திருவெறும்பூர் தரும் பாடம்

இனி, பட்டியலில் மறைந்திருக்கும் அபாயத்துக்கு வருவோம். அதற்கு நியூயார்க் போகவேண்டியதில்லை. திருவெறும்பூர் வரை போனால் போதும்.

திருச்சியில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1960-களில் நிறுவப்பட்டது. இந்த ஊரின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றைக் கைதூக்கிவிட்ட ஆலை அது. 1997-இல் நிறுவனம் ‘நவரத்தின’ தகுதியைப் பெற்றது. மின் நிலையங்கள் வேகமாகப் பெருகிய காலத்தில் ஆணைகள் குவிந்தன. 2007-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் சந்தை மதிப்பு ஓர் இலட்சம் கோடி ரூபாயைக் கடந்து நின்றது. அந்தக் காலத்தின் ஐந்தாண்டுக் கணக்கைப் பார்த்த எவரும், “இதைவிடத் தரமான நிறுவனம் உண்டா?” என்றே கேட்டிருப்பர்.

அதன் பிறகு காற்று திசை மாறிற்று. சீனத் தயாரிப்பாளர்கள் குறைந்த விலையில் போட்டியிட்டனர். நிலக்கரி கிடைக்காமல் மின் திட்டங்கள் தேங்கின. 2014-இல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. சூரிய மின்சாரம் மலிவாயிற்று. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி பல்லாயிரம் கோடியாக வளர்ந்தது. இலாபம் ஏட்டில் இருந்தது. ரொக்கம் கைக்கு வரவில்லை. 2013-இல் ‘மகாரத்தின’ தகுதி கிடைத்த நிறுவனம், 2015-16-ஆம் நிதியாண்டில் நட்டம் கண்டது. 2020-21-இல் நட்டம் இரண்டாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2020-ஆம் ஆண்டின் சந்தை வீழ்ச்சியில் அதன் மொத்தச் சந்தை மதிப்பு பத்தாயிரம் கோடிக்கும் கீழே இறங்கிற்று. துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் அதன் ஆணைகளை நம்பியிருந்த சிறு பட்டறைகள் பட்ட துன்பத்தை இவ்வூரார் அறிவர்.

கதை அத்துடன் முடியவில்லை. புதிய அனல்மின் ஆணைகள் வரத் தொடங்கியதும் பங்கின் விலை மறுபடி எழுந்து, 2024-இல் சந்தை மதிப்பு ஓர் இலட்சம் கோடியை மீண்டும் தொட்டது.

இப்பொழுது இரண்டு முதலீட்டாளரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் 2007 இறுதியில், புகழின் உச்சியில் வாங்கினார். பங்கின் விலையை மட்டும் கணக்கிட்டால், பதினேழு ஆண்டுகள் காத்திருந்தும் அவர் போட்ட தொகையை எட்டவில்லை. மற்றொருவர் 2020-இல், எவரும் சீந்தாத வேளையில் வாங்கினார். நான்கே ஆண்டுகளில் அவருக்குப் பத்து மடங்கு. நிறுவனம் ஒன்றே, ஆலை ஒன்றே, தொழிலாளரும் அவர்களே. வாங்கிய விலையும் வேளையும் மட்டுமே வேறு.

ஆகவே, ஐந்தாண்டுப் பட்டியல் எந்த ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2020 மார்ச் மாதப் பள்ளத்திலிருந்து அளந்தால் பல நிறுவனங்கள் மலைபோல் தோன்றும். பள்ளத்தில் நின்று பார்ப்பவனுக்கு மேடும் கோபுரந்தானே!

அறிமுகம் வேறு, தரம் வேறு

“அப்படியானால் நமக்குத் தெரிந்தவர்கள், நம் வட்டாரத்தார் நடத்தும் நிறுவனமாகப் பார்த்துப் போடுவது பாதுகாப்பு அல்லவா?” என்று கேட்டான் மருமகன்.

நண்பரின் முகம் மாறியது. கரூரில் 1926-இல் தொடங்கிய லக்ஷ்மி விலாஸ் வங்கியைப் பற்றிச் சொன்னார். காவிரிக் கரையில் வாழ்ந்த குடும்பங்கள் பல, அதன் பங்குகளைத் தாத்தா காலத்துச் சொத்தாகப் போற்றி வைத்திருந்தன. 2020 நவம்பரில் அது டி.பி.எஸ். வங்கியுடன் இணைக்கப்பட்டபோது வைப்புத்தொகை வைத்திருந்தோர் காப்பாற்றப்பட்டனர். பங்குதாரர்களின் மூலதனமோ முழுமையாக ரத்துச் செய்யப்பட்டது. ஒரு ரூபாயும் திரும்பவில்லை. வங்கிப் பங்கு நமக்குரியது அன்று. எனினும் அந்தப் பாடம் நமக்கும் உரியது.

நம் சமுதாயத்தின் பாடம் அதனினும் கசப்பானது. பெங்களூரில் ‘ஹலால்’ முதலீடு என்ற பெயரில் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019-இல் சரிந்து விழுந்தது. மாதந்தோறும் தவறாமல் வந்த தொகையைக் கண்டு, நகையை விற்றும் மனையை விற்றும் அதில் போட்டவர்கள் ஏராளம். தொழில் என்ன, இலாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோர் சிலரே. பேசுபவர் நம்மவர் என்பதும், ஸலாம் கூறி வரவேற்கிறார் என்பதும் தணிக்கை அறிக்கைக்கு ஈடாகா. என் உறவினர் ஒருவர் இவ்வூரிலேயே ஒரு நகைச் சேமிப்புத் திட்டத்தில் மகளின் திருமணத்துக்காக வைத்திருந்ததை இழந்தார். அந்த வீட்டில் இன்றும் அதைப் பற்றி எவரும் உரக்கப் பேசுவதில்லை.

பட்டியலில் இடம் பெறும் நிறுவனங்கள் பங்குச் சந்தையில் பதிவானவை. கணக்கை வெளியிடக் கடமைப்பட்டவை. அந்த வகையில், கணக்கே காட்டாத கவர்ச்சித் திட்டங்களைவிட இவை பன்மடங்கு மேல். ஆயினும் கணக்கே பொய்யானால் தரவரிசையும் பொய்யாகிவிடும். ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்துக்கு 2008 செப்டம்பரில் சிறந்த நிர்வாகத்துக்கான தங்க மயில் விருது வழங்கப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே, ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இல்லாத ரொக்கத்தை இருப்பதாகக் காட்டியதை ஒப்புக்கொண்டார். திருச்சியின் செயற்கை வைரங்களைப் பட்டை தீட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒளி வீசுவதெல்லாம் ஒரே கல் அன்று என்பார்கள்.

நமக்குரிய முதல் சல்லடை

நண்பர் பென்சிலை மருமகன் கையில் கொடுத்தார். “முதலில் உங்கள் மார்க்கம் ஏற்காதவற்றை நீங்களே அடித்துவிடுங்கள்” என்றார். வங்கிகள், வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள், மதுபானம், சிகரெட் ஆகியவற்றை அடித்தபோது, பட்டியலின் உச்சியிலிருந்தே பல பெயர்கள் மறைந்தன. முதல் பத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மருமகனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்தது கடன். பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்டு இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல் விதிகளை வகுக்கும் அமைப்பு, ஒரு நிறுவனத்தின் வட்டிக் கடன் அதன் சந்தை மதிப்பில் நூற்றுக்கு முப்பதைத் தாண்டலாகாது என்றும், ஆகாத வழியில் வரும் வருவாய் நூற்றுக்கு ஐந்துக்குள் அடங்க வேண்டும் என்றும் வரையறுத்துள்ளது. இந்த வகைச் சல்லடையில் தேறிய நிறுவனங்களைக் கொண்ட ஷரீஅத் குறியீட்டெண்கள் தேசியப் பங்குச் சந்தையில் 2008-இலும், மும்பைப் பங்குச் சந்தையில் 2010-இலும் அறிமுகமாயின. இந்த அளவுகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை.

இதில் ஒரு பொருத்தத்தை நண்பர் சுட்டிக்காட்டினார்: “கடன் குறைவாக இருக்க வேண்டும் என்று உங்கள் சல்லடை சொல்கிறது. தரமான நிறுவனத்துக்கு நான் பார்க்கும் முதல் அடையாளமும் அதுதான். கெட்ட காலத்தில் நிறுவனத்தை மூழ்கடிப்பது பெரும்பாலும் கடனே.”

ஐந்து கேள்விகள்

எஞ்சிய பெயர் ஒவ்வொன்றிடமும் ஐந்து கேள்விகள் கேட்கச் சொன்னார். விடைகள் யாவும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும், பங்குச் சந்தைகளின் வலைத்தளங்களிலும் செலவின்றிக் கிடைப்பவை.

ஒன்று: மூலதனத்தின் மீது அது ஈட்டிய விகிதம் என்ன? ஓர் ஆண்டு போதாது; பத்து ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். அதில் நல்ல காலமும் கெட்ட காலமும் இருக்க வேண்டும்.

இரண்டு: ஏட்டில் காட்டிய இலாபம் ரொக்கமாக வந்ததா? ஆண்டறிக்கையில் ரொக்க ஓட்டத்துக்கென்று தனிப் பக்கம் உண்டு. இலாபம் ஏறிக்கொண்டே போக, ரொக்கம் வராமல் பாக்கி மட்டும் வளர்ந்தால் எச்சரிக்கை தேவை.

மூன்று: கடன் எவ்வளவு? நிறுவனர்கள் தம் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா?

நான்கு: ஈட்டியதை நிர்வாகம் என்ன செய்தது? தெரிந்த தொழிலை வளர்த்ததா, பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகக் கொடுத்ததா, அல்லது தெரியாத தொழிலில் இறைத்ததா?

ஐந்து: இன்று கேட்கப்படும் விலை நியாயமா? நல்ல மாடேயானாலும் சந்தையில் இரண்டு மடங்கு விலை கொடுத்தால் வாங்கியவனுக்கு நட்டமே. முதலிடம் பெற்ற செய்தி நமக்கு எட்டும் முன்னரே விலை ஏறியிருக்கும்.

இவற்றுக்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. அதை நிறுவனத்திடம் அல்ல, நம்மிடமே கேட்க வேண்டும். இந்தப் பணம் எப்போது தேவைப்படும்? ஐந்து ஆண்டுகளுக்குள் எடுக்கவேண்டிய பணம் பங்குச் சந்தைக்கு உரியதன்று. கடன் வாங்கிப் போடுவது அறவே ஆகாது.

பாலத்தைத் திரும்பக் கடக்கையில்

இரண்டு மணி நேரத்தில் நூறு பெயர்களில் ஒன்பது எஞ்சின. மருமகன் மகிழ்ச்சியுடன் எழுந்தான். நண்பர் கையமர்த்தினார்: “தம்பி, இந்த ஒன்பதையும் வாங்கச் சொல்லவில்லை. படிக்கச் சொல்கிறேன். ஊருக்குப் போய், மாதம் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை வாசியுங்கள். அது என்ன தொழில் செய்து எப்படிச் சம்பாதிக்கிறது என்பதை உங்கள் மனைவிக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கச் சொல்ல முடிந்தால் மட்டும் கொஞ்சம் வாங்குங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.”

பாலத்தில் வரும்போது மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, வீட்டு வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். மகளின் படிப்புக்கு மூன்று ஆண்டுகளில் பணம் வேண்டும், அதைத் தொடப்போவதில்லை. மீதியைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன்” என்றான். கொண்டுவந்த தொகையில் அந்த மீதி கால் பங்குகூட இராது. ஆனால் கால் பங்குக்குத்தான் அவனுக்குப் பொறுமையும் நேரமும் இருந்தன. முக்கால் பங்குக்குக் கடமைகள் இருந்தன.

அவன் திரும்பிச் சென்ற பின், இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினான். முதல் ஆண்டறிக்கையை வாசித்து முடித்ததாகவும், மனைவியிடம் விளக்கியதாகவும், “இலாபம் சரி, ரொக்கம் ஏன் வரவில்லை?” என்று அவள் கேட்ட கேள்விக்குத் தன்னால் விடை சொல்ல முடியவில்லை என்றும் சொன்னான். அந்தப் பங்கை அவன் வாங்கவில்லை. பட்டியலில் எட்டுப் பெயர்கள் இருக்கின்றன.

செய்தியை ஸ்ரீரங்கத்து நண்பரிடம் சொன்னேன். “பாய், அந்தப் பெண்ணிடமே கணக்கை ஒப்படைக்கச் சொல்லுங்கள்” என்றார்.